சாவி யாரிடம்

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடி.
ஏழு பேர். ஒரே பிரதி.
ஆளுக்கு ஒரு வாரமென்று
கைமாறிக் கைமாறி
முதுகு கிழிந்து வந்து சேர்ந்திருக்கிறது நாவல்.

தொலைபேசி நிலையத்துப் பவளம்,
வயது நாற்பத்தெட்டு,
மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் மும்முரத்தில்
முழங்கால் வலியென்று போன இடத்தில்
வைத்தியம் பார்த்த ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு
விடாமல் இருந்துவிட்ட கதை.

ரேஷன் கடை முனிரத்தினம் ஆரம்பித்தார்:
"நூறு பக்கம் ஒண்ணுமே நடக்கல.
காபி ஆறுது, சுட வைக்கிறாங்க,
மறுபடி ஆறுது."
"அதான் சார் நடக்குது" என்றாள் ஷர்மிளா.
ஓசூர் கம்பெனி பஸ்ஸில் விடிகாலை போகிறவள்.
அவளுக்கு வேறு குறை:
கையைப் பிடிக்க இருநூறு பக்கமா?
"எங்க ஹாஸ்டல்ல அதுக்குள்ள
பிரிஞ்சே போயிருப்பாங்க."

பெனசிர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்.
மூட்டை அப்படி மடக்கினால்
காதல் வராது, வீக்கம்தான் வரும் என்றாள்.

மாதையனுக்குப் புருஷன்மேல் இரக்கம்.
"குடிக்கல. அடிக்கல.
வெங்காயம்கூட நறுக்கித் தரான்.
ஒரு அறையாவது விட வெச்சிருந்தா
படிக்கிற நமக்கு நிம்மதி."
அந்த ஒரு இடத்தில்தான்
எழுதினவள் நம்மை ஏமாற்றவில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
டீ வந்துவிட்டது.

ஜெராக்ஸ்காரர் படிக்கவில்லை. அட்டை சரியில்லை என்றார்.

சென்னம்மா கடைசி.
அஞ்சலகச் சேமிப்பு ஏஜென்ட், ஐம்பத்தொன்று.
"இன்னாத்துக்கு இந்த வயசுல?
சுகரும் பிரஷரும் பாத்துகினு கெடக்கற வயசு.
காகிதத்துக்குக் கேடு.
அதுவும் கடைசில பஸ் ஏறிப் போறாளே,
வீட்டுச் சாவிய யார்கிட்ட குடுத்தா?
அதை எழுதத் தெரியல."

என் முறை.
"எழுத்து பொடியா இருக்கு,
கண்ணாடி மாத்தணும்" என்றேன்.
மண்டியில் கணக்கு எழுதுகிறவள்
வேறென்ன சொல்வாள் என்று
எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதல் வாரம் நாவல் என்னிடம் இருந்தது.
நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி.
அதை இங்கே சொல்லப்போவதில்லை.
பேனா காட்டிக்கொடுக்கும்,
பென்சிலும்தான்.
நகத்தால் கீறினேன்.
வெளிச்சத்துக்குச் சாய்த்தால்தான் தெரியும்.

பேச்சு மாப்பிள்ளை ஜாதகத்துக்குத் தாவியபோது
மேஜையில் கிடந்ததை எடுத்து
டியூப்லைட்டுக்குச் சாய்த்தேன்.
என் கீறலுக்குக் கீழே
இன்னொன்று.
என்னுடையதைவிட ஆழம்.
கேழ்வரகுக்கு ஓட்டிய சாலுக்குப் பக்கத்தில்
வேறு ஏர் வந்து ஓட்டிய சால் போல.

பழைய பாடல்களில் நகக்குறி
எங்கெங்கோ விழும்.
தமிழம்மா அந்தப் பாட்டு வந்தால்
"தேர்வுக்கு வராது" என்று
பக்கம் திருப்பிவிடுவார்.

அப்புறம் யார் பேசினாலும்
கையைத்தான் பார்த்தேன்.
பெனசிர் நகத்தைச் சதையோடு வெட்டியிருந்தாள்.
ஷர்மிளா கடித்துத் துப்பியிருந்தாள்.
முனிரத்தினத்துக்கு இடுக்கெல்லாம் கோதுமை மாவு.
மாதையன் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார், பாவம், குளிர்.
சென்னம்மா ரசீது கிழித்துக்கொண்டிருந்தாள்,
வலது கட்டைவிரல் நகத்தால்,
கோடு பிசகாமல்.

கணக்குப் பார்த்தோம்:
சுமார் மூன்று, மோசம் இரண்டு,
அட்டை ஒன்று, கண்ணாடி ஒன்று.
அடுத்த மாதம் மாம்பழச் சாகுபடி பற்றிய புத்தகம்.

மாரண்டஅள்ளி பஸ் ஏழு இருபதுக்கு.
படியிறங்கும்போது கேட்டேன்,
"சாவிய யார்கிட்ட குடுத்திருப்பா?"

திரும்பவில்லை.
ஒரு படி நின்று, இன்னொரு படி இறங்கி,
"எதிர்வீட்டுல" என்றாள்.
"கேட்டா, மாவு மில்லுக்குன்னு சொல்லியிருப்பா.
கையில காலித் தூக்கு ஒண்ணு வெச்சிருந்திருப்பா,
நம்பறதுக்கு."

பிறகு பைக்குள் சில்லறை தேடினாள்,
வெகுநேரம்.